வந்தோரும் வரவேற்றோரும்: மதீனா கண்ட குடியமர்வு

இஸ்லாமிய ஆண்டுக் கணக்கை எந்நிகழ்விலிருந்து தொடங்குவது என்ற வினா கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் எழுந்தது. அண்ணலாரின் பிறப்பு, நபித்துவம், மறைவு ஆகிய மூன்றும் ஆலோசனையில் பேசப்பட்டன என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். முடிவில் ஹிஜ்ரத்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு சமுதாயம் தன் காலத்தை ஒரு குடிபெயர்விலிருந்து எண்ணத் தொடங்கியது. ஆயினும் ஹிஜ்ரத் என்றவுடன் நம் மேடைகளில் தவ்ர் குகையும் ஸுராக்காவின் குதிரையும் மட்டுமே பேசப்படுகின்றன. பயணம் முடிந்த மறுநாள் தொடங்கிய நீண்ட பணி, அதாவது உடைமை இழந்து வந்தவர்களை ஓர் ஊர் தன்னுள் ஏற்றுக்கொண்ட பணி, அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அப்பணி எவ்வாறு நடந்தது, எங்கே இடறியது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

இரு வேறு உலகங்கள்

கி.பி. 622இல் யத்ரிப் அமைதியான ஊராக இருக்கவில்லை. அவ்ஸ், கஸ்ரஜ் ஆகிய இரு பெருங்குலங்களும் சில ஆண்டுகளுக்கு முன்புதான் புஆஸ் போரில் ஒன்றையொன்று அழித்து ஓய்ந்திருந்தன. கைனுகா, நளீர், குறைளா ஆகிய யூதக் குலத்தாரும் அங்கு வாழ்ந்தனர். ஊரின் வாழ்வு பேரீத்தந் தோப்புகளை நம்பியிருந்தது. மக்காவிலிருந்து வந்தவர்களோ வணிகர்கள், பயிர்த்தொழில் அறியாதவர்கள்.

பழக்கவழக்கங்களிலும் வேறுபாடு இருந்தது. குறைஷியராகிய தாங்கள் மக்காவில் பெண்கள்மீது ஆதிக்கம் செலுத்தி வந்ததாகவும், மதீனாவில் பெண்களின் குரல் ஓங்கியிருக்கக் கண்டதாகவும், தங்கள் வீட்டுப் பெண்களும் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கியதாகவும் உமர் (ரலி) அவர்களே கூறியுள்ள செய்தி புகாரீயில் பதிவாகியுள்ளது. பண்பாடுகள் கலக்கும்போது மாற்றம் முதலில் வீட்டுக்குள்தான் தெரிகிறது.

ஊரின் தட்பவெப்பமும் ஒத்துக்கொள்ளவில்லை. அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். காய்ச்சல் தணிந்தபோதெல்லாம் பிலால் (ரலி) மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு வளரும் புல்வகைகளையும் பெயர் சொல்லி ஏங்கிப் பாடினார். எந்த ஊரில் அவர் சுடுமணலில் கிடத்தப்பட்டாரோ அந்த ஊருக்காகவே ஏங்கினார். இச்செய்தியை ஆயிஷா (ரலி) தெரிவித்தபோது அண்ணலார் அவரைக் கண்டிக்கவில்லை. மக்காவை நேசிப்பதுபோல், அல்லது அதைவிடக் கூடுதலாக, மதீனாவை நேசிக்கச் செய்யுமாறு இறைவனிடம் வேண்டினார்கள். பிறந்த மண்ணின் நினைவு குற்றமாகக் கருதப்படவில்லை என்பது நாம் கவனிக்கத்தக்கது.

தவணை உள்ள உதவி

முஹாஜிர் ஒருவரையும் அன்ஸாரி ஒருவரையும் இணைத்துச் சகோதரராக்கிய முஆகாத் ஏற்பாடு அனஸ் (ரலி) அவர்களின் இல்லத்தில் நடந்தது. இரு தரப்பிலும் 45 பேர் என்றும், 50 பேர் என்றும் இப்னு ஸஅத் இருவிதமாகப் பதிவு செய்கிறார். தொடக்கத்தில் இச்சகோதரர்கள் ஒருவருக்கொருவர் வாரிசாகவும் இருந்தனர். பின்னர் இரத்த உறவினரே வாரிசுரிமைக்கு முன்னுரிமை உடையோர் என்ற இறைக்கட்டளை (திருக்குர்ஆன் 8:75) வந்து அம்முறையை நீக்கியது. நேசமும் ஒத்தாசையும் நிலைத்தன. குடும்பத்தை விட்டுப் பிரிந்து வந்தவருக்கு உடனடியாக ஒரு குடும்பம் தேவைப்பட்டது, கொடுக்கப்பட்டது. அவர் தம் காலில் நின்றபின் அத்தேவை முடிந்தது; ஏற்பாடும் முடிந்தது.

பொருளாதாரத்திலும் இதே நெறியைக் காண்கிறோம். தங்கள் மரங்களைச் சரிபாதியாகப் பங்கிட்டுத் தருமாறு அன்ஸாரிகள் அண்ணலாரிடம் வேண்டினர். அவர்கள் அதை ஏற்கவில்லை. முஹாஜிர்கள் தோப்பில் உழைக்கட்டும், விளைச்சலில் பங்கு பெறட்டும் என்ற முடிவுக்கு இரு சாராரும் இசைந்தனர். மண் உரியவரிடமே இருந்தது. வந்தவர் கையேந்துபவராக இல்லாமல் கூட்டாளியானார்.

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் செய்தி நம் மாணவர் அனைவரும் அறிந்ததே. ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவரோ வாழ்த்துக் கூறி, கடைத்தெருவுக்கு வழி கேட்டார். கைனுகாக்களின் சந்தைக்குச் சென்று வணிகம் செய்து பாலாடைக் கட்டியும் நெய்யும் ஈட்டித் திரும்பினார். சிறிது காலத்திலேயே பேரீத்தங்கொட்டை எடைப் பொன்னை மஹராகக் கொடுத்து அன்ஸாரிப் பெண் ஒருவரை மணந்தார். இந்நிகழ்ச்சியைத் தன்மானத்துக்குச் சான்றாக மட்டும் கூறி முடித்துவிடுகிறோம். ஆனால் வழி கேட்டவருக்கு வழி காட்டப்பட்டது என்பதையும், யூதக் குலத்தாரின் சந்தை நேற்று வந்த ஓர் அந்நியருக்குத் திறந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சந்தை மூடியிருந்தால் அவருடைய தன்மானம் அவரைப் பட்டினியில்தான் விட்டிருக்கும்.

வீடோ உறவோ இல்லாதவர்களுக்குப் பள்ளிவாசலின் திண்ணையாகிய ஸுஃப்பா இருந்தது. ஹிஜ்ரி 4இல் நளீர் குலத்தாரின் நிலங்கள் வந்தபோது அவை பெரிதும் முஹாஜிர்களுக்கே வழங்கப்பட்டன. அன்ஸாரிகளில் வறியவர்களான அபூ துஜானா, ஸஹ்ல் பின் ஹுனைஃப் (ரலி) ஆகியோரும் பெற்றனர் என்பர். ஹிஜ்ரி 7இல் கைபருக்குப் பின், அன்ஸாரிகள் பயன்படுத்தக் கொடுத்திருந்த மரங்களை முஹாஜிர்கள் அவர்களிடமே திருப்பிக் கொடுத்தனர் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார். கொடுத்தவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. பெற்றவர்கள் கணக்கை மறக்கவில்லை.

பெயரும் அடையாளமும்

இப்னு ஹிஷாம் பாதுகாத்துத் தந்துள்ள மதீனா சாசனத்தை அறிஞர் ஹமீதுல்லாஹ் உலகின் முதல் எழுத்து வடிவ அரசியல் சட்டம் என்று போற்றினார். அது ஒரே வேளையில் எழுதப்பட்டதா, பல உடன்படிக்கைகளின் தொகுப்பா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமக்கு முக்கியமானது அதன் அமைப்பு. குறைஷி முஹாஜிர்கள் அதில் தனியொரு பிரிவாக முதலில் குறிக்கப்படுகின்றனர். அவர்களை அடுத்து அன்ஸாரிக் கிளைகள் ஒவ்வொன்றும் பெயர் சொல்லப்படுகின்றன. ஒவ்வொரு பிரிவும் தன் இரத்த ஈட்டுத்தொகையைத் தானே செலுத்தும். வந்தவர்கள் எந்தக் குலத்திலும் கரைக்கப்படவில்லை. அவர்களுக்கென ஒரு பொறுப்பு வரையறுக்கப்பட்டது. யூதர்களுக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு இவர்கள் மார்க்கம் என்பதும் அதில் இடம்பெற்றது. அவ்வுறவு நிலைக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. ஹிஜ்ரி 2 முதல் 5 வரையிலான ஆண்டுகளில் மூன்று பெரும் யூதக் குலங்களுடனும் அடுத்தடுத்து மோதல் மூண்டு முறிந்தது.

வந்தவர் என்றும் மாணவராகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை. பாரசீகரான ஸல்மான் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக்கப்பட்டவர் அன்ஸாரியான அபுத் தர்தா (ரலி). வணக்கத்தில் மூழ்கி மனைவியைப் புறக்கணித்திருந்த அவரை ஸல்மானே திருத்தினார். உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டென எடுத்துரைத்தார். வழக்கு அண்ணலாரிடம் சென்றபோது ஸல்மான் சொன்னதே சரி என்று தீர்ப்பாயிற்று. அகழ்ப்போரில் அவர் சொன்ன யோசனையே ஊரைக் காத்தது என்பதும் வரலாற்று நூல்களில் காணப்படுவதே.

இரு மனக்குறைகள்

இத்தனைக்குப் பின்னும் உரசல் வராமலில்லை. பனூ முஸ்தலிக் பயணத்தின்போது நீர்நிலை ஒன்றருகே முஹாஜிர் தரப்பைச் சேர்ந்த ஒருவருக்கும் அன்ஸாரி தரப்பைச் சேர்ந்த ஒருவருக்கும் கைகலப்பு நேர்ந்தது. ஒருவர் அன்ஸாரிகளே என்றும், மற்றவர் முஹாஜிர்களே என்றும் கூவி ஆள் சேர்த்தனர். அண்ணலார் அதை அறியாமைக்கால அழைப்பு என்று கண்டித்தார்கள். இவ்விரு பெயர்களும் திருக்குர்ஆனே சிறப்பித்துக் கூறும் பெயர்கள். பெயர் மாறவில்லை, அதைக் கொண்டு செய்த காரியமே மாறியது. இந்தச் சிறு சண்டையைத்தான் அப்துல்லாஹ் பின் உபை பற்றிக்கொண்டான். மதீனா திரும்பியதும் மேலோர் கீழோரை வெளியேற்றுவர் என்று பேசினான் (63:8). வந்தவர்களை விரட்டுவோம் என்னும் அரசியலுக்கு எப்போதும் ஒரு குடத்துத் தண்ணீர் போதுமானதாக இருக்கிறது.

மற்றொரு மனக்குறை நியாயமான இடத்திலிருந்து எழுந்தது. ஹிஜ்ரி 8இல் ஹுனைன் போருக்குப்பின், புதிதாக இஸ்லாத்துக்கு வந்த மக்காத் தலைவர்களுக்கு அள்ளி வழங்கப்பட்டது; அன்ஸாரிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களில் சிலர் முணுமுணுத்தனர். அண்ணலார் அவர்களை மட்டும் தனியே கூட்டினார்கள். அவர்கள் சொல்லத் தயங்கியதைத் தாமே சொன்னார்கள். கைவிடப்பட்டவராக வந்தீர், ஆதரித்தோம் என்று நீங்கள் கூறினால் அது உண்மையே என்ற பொருள்பட எடுத்துரைத்தார்கள். மக்கள் ஆடு ஒட்டகங்களோடு போகட்டும், நான் உங்களோடு வருகிறேன் என்ற கருத்தில் பேசி முடித்தபோது தாடி நனைய அழுதனர் அன்ஸாரிகள். வரவேற்றவர்களின் மனக்குறையும் கேட்கப்பட வேண்டியதே. அதை அடக்கினால் இப்னு உபைக்கு ஆள் சேரும்.

தம் இறுதி நாட்களில், மக்கள் பெருகுவர், அன்ஸாரிகளோ உணவில் உப்பைப்போல் குறைந்துபோவர் என்று கூறிய அண்ணலார், அவர்களுடைய நன்மையை ஏற்று, தவறைப் பொறுத்துக்கொள்ளுமாறு பின்வரும் ஆட்சியாளருக்கு அறிவுறுத்தினார்கள். ஊருக்கு உரியவர்களே சிறுபான்மையாகும் நாளையும் அவர்கள் கண்முன் வைத்திருந்தார்கள்.

நம் மஹல்லாக்கள்

தமிழகத்து முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் இன்று ஒரே தெருவில் இரு ஹிஜ்ரத்துகளைக் காண்கிறோம். ஒரு வீட்டின் மகன் வளைகுடா நாட்டில் முஹாஜிராக இருக்கிறான். அவன் அனுப்பும் பணத்தில் எழும் வீட்டுக்குக் கல் சுமப்பவர் பீஹாரிலிருந்தோ மேற்கு வங்கத்திலிருந்தோ வந்திருக்கிறார். அங்கே நம் பிள்ளை மரியாதையாக நடத்தப்பட வேண்டும் என்று துஆச் செய்யும் நாம், இங்கே அந்தத் தொழிலாளியின் பெயரைக்கூடக் கேட்டறிவதில்லை. அவர் எம்மதத்தவர் ஆயினும் இது பொருந்தும். மதீனா சாசனம் முஸ்லிம்களுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று.

பெரிய திட்டங்கள் தேவையில்லை. அவருக்குக் கூலி உரிய நாளில் கிடைக்கிறதா, காய்ச்சலில் படுத்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒருவர் உண்டா, அவர் பிள்ளைக்கு நம் ஊர்ப் பள்ளியில் இடமுண்டா, திருட்டு நடந்தால் முதலில் அவர்மீதே பழி விழுகிறதா என்று ஜமாஅத் நிர்வாகம் கேட்கத் தொடங்கினாலே போதும். ஸஅத் பின் ரபீஉ அவர்களைப்போல் செல்வத்தில் பாதியைத் தர நம்மில் எவரும் ஆயத்தமில்லை. கடைத்தெருவுக்கு வழி காட்டுவதற்கேனும் ஆயத்தமாக வேண்டும்.