ஊமத்தைப் புகை

மாணவர்களே, மலாயில் 'கெச்சுபோங்' என்கிறார்களே, அதுதான் நம்ம ஊமத்தை. சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், காய்ந்த ஊமத்தையைப் புகைத்தால் ஆஸ்துமா தணிவதை அறிந்து ஜெனரல் ஜென்ட்டிடம் சொன்னார். ஜென்ட் 1802-இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். வரலாற்றில் இவங்க ரெண்டு பேர் பெயரும் நிற்கிறது. புகைத்துக் காட்டிய நம்ம ஊர்க்காரர் பெயர்தான் இல்லை.

அசெட்டைல்கோலின் மூச்சுக்குழாய்த் தசையைச் சுருங்கச் சொல்லும். ஊமத்தையின் அட்ரோப்பின் அந்தச் சேதியை மறிக்கும். தசை தளரும், மூச்சு வரும். பூச்சிமருந்து விஷத்துக்கு முறிமருந்தாகவும் இன்று அட்ரோப்பினைத்தான் ஊசியில் போடுகிறார்கள். ஆனால் செடிக்குச் செடி நஞ்சின் அளவு மாறும். தின்றால் பிதற்றல், சில நேரம் சாவு. அதனால்தான் புகை போய், அட்ரோப்பினை மாற்றியமைத்த இப்ராட்ரோப்பியம் இன்ஹேலரில் வந்தது.