காணாதவர்க்காகக் கைகூப்பியோர்

யூபிலி ஆண்டு என்றதும் நாம் பழைய பெயர்களைத் தேடுகிறோம். நம் கோயிலுக்கு அடிக்கல் நாட்டியவர் யார், மணி வாங்கித் தந்தவர் யார், நம்மிடையே பணிபுரிந்து மறைந்த பங்குக் குருக்கள் யாவர் என்றெல்லாம் கேட்டு, கல்வெட்டையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் புரட்டுகிறோம். இது நன்றியுள்ள மக்கள் செய்ய வேண்டிய கடமையே. ஆனால் எந்தக் கல்லிலும் எழுதப்படாத ஒரு கூட்டம் உண்டு. நம்மை ஒருநாளும் கண்டிராமல், நம் ஊரின் பெயரையும் அறியாமல், நமக்காகச் செபித்தவர்கள் அவர்கள். அந்தக் கடனை இங்கே சிறிது எண்ணிப் பார்ப்போம்.

பிறருக்காக மன்றாடுவது திருச்சபையோடு கூடப் பிறந்த வழக்கம். சோதோம் நகருக்காக ஆபிரகாம் இறைவனோடு வாதாடினார். போர்க்களத்தில் மக்கள் போராடுகையில் மோயீசன் மலைமேல் கைகளை விரித்து நின்றார்; அவர் கை சோர்ந்தபோது இருவர் தாங்கிப் பிடித்தனர். நம் ஆண்டவரோ தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களுக்காகவே பிதாவிடம் மன்றாடினார். நமக்கும் பிதாவுக்கும் இடையே அவர் ஒருவரே மத்தியஸ்தர். நாம் ஒருவருக்காக ஒருவர் செபிப்பதெல்லாம் அவருடைய மன்றாட்டில் பங்கு கொள்வதே. புனித சின்னப்பரும் தம் நிருபங்களில் தமக்காகச் செபிக்கும்படி சபைகளை மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறார். அத்தனை பெரிய அப்போஸ்தலருக்கே சாதாரண விசுவாசிகளின் செபம் தேவைப்பட்டது.

நம் நாட்டுக் கடற்கரைக்கு வருவோம். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே அவர் செய்த பணியை 1544-ம் ஆண்டு ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமையிலுள்ள தம் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். நோயாளிகளைப் பார்க்க வரும்படி நாலாபுறமிருந்தும் மக்கள் அழைத்தார்கள். எல்லா இடத்துக்கும் செல்ல அவரால் இயலவில்லை. எனவே செபங்களைக் கற்றிருந்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டாரையும் அயலாரையும் ஒன்றுகூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் மற்றச் செபங்களையும் சொன்னார்கள். அந்த மக்களின் விசுவாசத்தைக் கண்டு ஆண்டவர் பலருக்குச் சுகமளித்தார் என்று சவேரியார் எழுதுகிறார். தமிழ்ச் சிறுவர்கள் அன்றே பிறருக்காகச் செபிக்கும் தூதர்களாக விளங்கினார்கள் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி அல்லவா? அதே சவேரியார், தம் தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையெழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்து, தம்மோடு சுமந்து சென்றார். அவர்களுடைய செபமே தம்மைத் தாங்குகிறது என்ற உறுதி அவருக்கு இருந்தது.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது நம்மை இன்னும் நெருங்கித் தொடுகிறது. 1773-ல் இயேசு சபை கலைக்கப்பட்டதால் தத்துவ போதகரும் அருளானந்தரும் உழைத்த மதுரை மிஷன் பெரிதும் நலிந்தது. சபை 1814-ல் மீண்டும் நிறுவப்பட்டது. 1837-ல் பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைக் குருக்கள் நால்வர், மறு ஆண்டு மதுரை மிஷன் பணியைத் தொடர்ந்தார்கள். அவர்களைப் பின்பற்றிப் பலர் வந்தார்கள். வெயிலும் காலராவும் காய்ச்சலும் அவர்களில் பலரை இளம் வயதிலேயே வாரிக்கொண்டு போயின.

இந்தச் செய்திகள் பிரான்சு நாட்டில் லெ புய் நகருக்கு அருகிலுள்ள வால்ஸ் என்ற சிற்றூரின் குருமடத்தை எட்டின. அங்கே படித்துக்கொண்டிருந்த இயேசு சபை இளைஞர்கள் மதுரை மிஷனின் வரலாற்றைக் கேட்டு உள்ளம் பொங்கினார்கள். புத்தகங்கள் அவர்களுக்குக் கசந்தன. என்றைக்குக் கப்பலேறுவோம் என்ற ஏக்கம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. அவர்களுடைய ஆன்ம குருவான பிரான்சிஸ் சவேரியார் கோத்ரெலே சுவாமி இதைக் கண்டார். 1844-ம் ஆண்டு டிசம்பர் 3-ம் நாள், சவேரியார் திருநாளன்று, அவர்களுக்கு ஒரு வழி காட்டினார். கப்பலேறும் நாள்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் படிப்பையும் வேலையையும் சோர்வையும் காலைதோறும் கிறிஸ்துவின் செபத்தோடு சேர்த்து ஒப்புக்கொடுங்கள். இன்றே, இங்கிருந்தே அப்போஸ்தலர்களாவீர்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

செப அப்போஸ்தலத்துவ சபை பிறந்தது இப்படித்தான். அன்று அந்த இளைஞர்களின் மனக்கண்முன் நின்றது தமிழ் நாடு, நம் முன்னோர்கள். 1861-ல் ஹென்றி ராமியேர் சுவாமி தொடங்கிய திரு இருதயத் தூதன் பத்திரிகை வழியாக அச்சபை உலகெங்கும் பரவியது. இன்றும் திருத்தந்தையின் கருத்துகளுக்காக மாதந்தோறும் கோடிக்கணக்கானோர் செபிக்கிறார்கள். நம் பாட்டிமார்கள் விடியற்காலையில் அடுப்பு மூட்டுமுன் சொன்ன காலை ஒப்புக்கொடுத்தலும் இதே மரபைச் சேர்ந்ததே. நமக்காகத் தொடங்கிய செபம் நம்மிடமே வந்து சேர்ந்தது!

இச்சபையில் 1885-ம் ஆண்டு சேர்ந்தவர்களில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு. அவளே லிசியே நகரத்துப் புனித தெரேசம்மாள். 1887-ல் பிரன்சீனி என்பவன் பாரிஸ் நகரில் மூவரைக் கொன்ற குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றிருந்தான். அவனிடம் மனஸ்தாபத்தின் அறிகுறியே இல்லை. பதினான்கு வயதான தெரேசம்மாள் அவனுக்காகச் செபித்தாள், பூசையும் செய்வித்தாள். ஆகஸ்டு 31-ம் நாள் கொலைமேடையில் அவன் திடீரெனத் திரும்பி, குருவின் கையிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை மூன்று முறை முத்தமிட்டான். மடத்தில் சேர்ந்த பின்னர் அவருக்கு இரண்டு வேதபோதகர்கள் ஞான சகோதரர்களாகக் கொடுக்கப்பட்டார்கள். சீனாவுக்குச் சென்றவரின் மாகாணப் படத்தைத் தாம் வேலை செய்யுமிடத்தில் மாட்டிவைத்துச் செபித்தார். 1897-ல், இருபத்துநான்காம் வயதில், மடத்துச் சுவர்களுக்குள்ளேயே மரித்தார். அவரைத்தான் 1927-ல் பதினோராம் பத்திநாதர், கடல்கடந்து அலைந்த சவேரியாருக்கு இணையாக, மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலியாக அறிவித்தார்.

ஆனாலும் ஒரு கேள்வி எழும். கேட்டதெல்லாம் கிடைத்ததா? இல்லை. எத்தனையோ பேர் செபித்தும் மதுரை மிஷனின் இளம் குருக்கள் இறந்தார்கள். தெரேசம்மாளின் மற்றொரு ஞான சகோதரர் பெல்லியேர் சுவாமி ஆப்பிரிக்காவிலிருந்து நோயாளியாகத் திரும்பி, 1907-ல் பிரான்சில் காலமானார். நம் பங்கிலும் முழந்தாளிட்டு அழுதும் பிழைக்காத பிள்ளைகளின் கல்லறைகள் இல்லையா? பிறருக்காகச் செபிப்பது இறைவனை நம் விருப்பத்துக்கு வளைக்கும் உபாயமன்று. அது அடுத்தவன் பாரத்தின் ஒரு முனையை நம் தோளில் ஏற்றிக்கொள்வது. ஒருவனுக்காக உண்மையாகச் செபித்துவிட்டு அவனை வெறுப்பது கடினம். அவன் பசியைப் பாராமல் வாசலைச் சாத்துவது அதைவிடக் கடினம்.

இதை உணர்ந்தே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல், நெடுங்காலமாக வழக்கொழிந்திருந்த விசுவாசிகள் மன்றாட்டைத் திருப்பலியில் மீண்டும் ஏற்படுத்தியது. திருச்சபைக்காகவும், நாட்டை ஆள்வோருக்காகவும், துன்புறுவோருக்காகவும், அனைவரின் மீட்புக்காகவும் மன்றாடும்படி அது கேட்டது. நம் மன்றாட்டுகளோ பல நேரங்களில் நம் வீடு, நம் பிள்ளையின் தேர்வு, நம் வேலை என்பதோடு நின்றுவிடுகின்றன. அவற்றைக் கேட்பதில் தவறில்லை. அவற்றோடு நின்றுவிடுவதே குறை.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் ஒரு பிரதிக்கினை செய்வோம். ஒவ்வொரு குடும்பமும் மாலைச் செபத்தில், தனக்கு எவ்வகையிலும் உறவில்லாத ஒருவரை நாள்தோறும் நினைக்கட்டும். நம்மோடு பேச்சை முறித்துக்கொண்ட அண்டை வீட்டாராக இருக்கலாம். சிறையில் வாடுபவராக இருக்கலாம். வேறு சமயத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். நம்மைக் காணாதவர்கள் நமக்காகக் கைகூப்பினார்கள். அந்தக் கடனை அவர்களுக்குத் திருப்பிச் செலுத்த நமக்கு வழியில்லை. நாம் காணாத மற்றவர்களுக்கே அதைச் செலுத்த முடியும். அடுத்த யூபிலியைக் கொண்டாடப் போகும் பிள்ளைகளுக்காக இன்றே தொடங்குவோம்.