லண்டன் மாநகரின் இராப்பள்ளிகள்

1823-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியிலிருந்த 'கிரௌன் அண்ட் ஆங்கர்' என்னும் விடுதியின் பெரிய மண்டபத்தில் ஏறத்தாழ 2,000 பேர் கூடி, தொழிலாளர் விஞ்ஞானம் கற்பதற்கென ஒரு கழகம் காண்பது என்று நிச்சயித்தார்கள். நீராவி யந்திரம் பட்டறைகளுக்குள் புகுந்துவிட்ட காலம் அது. யந்திரத்தை ஓட்டும் கைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன, அது ஓடும் நியாயத்தை அந்தக் கைகளுக்கு உரியவர்களிடம் எடுத்துச் சொல்வார்தாம் இல்லை. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென அரசாங்கம் முதன்முதல் ஒரு சிறு தொகை ஒதுக்கியதே பத்து ஆண்டுகள் கழித்து, 1833-இல்தான் என்றால், வயது வந்தவனுடைய படிப்பைப் பற்றி யார் கவலைப்பட்டிருக்கப் போகிறார்கள்?

கவலைப்பட்டவர்களுள் முதல்வர் ஜார்ஜ் பர்க்பெக் என்னும் வைத்தியர். அவர் இளைஞராகக் கிளாஸ்கோ நகரில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தபோது, பிரசங்கத்துக்கு வேண்டிய கருவியொன்றைச் செய்விப்பதற்காகத் தகர வேலைக்காரர் பட்டறைக்குப் போனார். தாங்கள் செய்து கொடுக்கும் பொருள் எதற்கு, அது எப்படி வேலை செய்கிறது என்று அங்கிருந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்கவே, இத்தனை ஆவலுள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லையே என்று வியந்து, 1800-ஆம் ஆண்டில் அவர்களுக்கென்று இலவசப் பிரசங்கங்களைத் தொடங்கினார். ஆகவே இந்தக் கல்வியின் வரலாறு கொடுக்க வந்தவரின் கருணையிலிருந்து ஆரம்பிக்கவில்லை; பட்டறையில் நின்றவன் கேட்ட கேள்வியிலிருந்துதான் ஆரம்பித்தது. பின்னாளில் இதை அடிக்கடி மறந்தவர்கள் கொடுத்தவர்களே.

லண்டன் கழகம் பிறந்த நாளிலேயே அதனுள் ஒரு வழக்கும் பிறந்துவிட்டது. அந்த யோசனையை முதலில் பத்திரிகையில் எழுதிப் பரப்பிய ராபர்ட்ஸன், ஹாட்ஜ்ஸ்கின் என்னும் இருவரும், தொழிலாளர் தம் சொந்தக் காசில் தாமே நடத்துவதாக அது இருக்கவேண்டும், செல்வர் கையில் பணம் வாங்கினால் அவர்கள் விரும்பிய பாடமே பாடமாகிவிடும் என்று வாதித்தார்கள். தையற்காரராகத் தொடங்கி அரசியலில் பேர்பெற்ற பிரான்ஸிஸ் பிளேஸோ, கட்டடமும் கருவியும் வாங்கத் தொழிலாளரின் சில்லறைக் காசு போதாது என்று கண்டு, பிரபுக்களிடம் சந்தா திரட்டுவதில் முனைந்தார். இதற்குள் லண்டனுக்கு வந்துவிட்ட பர்க்பெக்கே பிரசங்க மண்டபம் கட்டப் பெருந்தொகை கடனாகக் கொடுத்தார். நிர்வாக சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் தொழிலாளராயிருக்க வேண்டும் என்ற விதி ஏட்டில் இருந்தது. காசு வந்த திசையிலிருந்தே அதிகாரமும் வந்தது.

அதன் பலன் சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. இரசாயனமும் வான சாஸ்திரமும் சொன்னவர்கள், கூலி ஏன் குறைவாயிருக்கிறது, ரொட்டி ஏன் விலையேறுகிறது என்ற விஷயங்கள் வரும்போது வாய் திறக்கத் தயங்கினார்கள். பகல் முழுதும் சம்மட்டி பிடித்த களைப்போடு வந்தவன், தனக்குச் சம்பந்தமில்லாத பிரசங்கத்தின் நடுவே கண்ணயர்ந்துபோய் மறுவாரம் வாராமல் நின்றான். அவன் விட்ட இடத்தில் குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் வந்து அமர்ந்தார்கள். 1830-இல் பெண்களையும் சேர்த்துக்கொண்ட பெருமை அந்தக் கழகத்துக்கு உண்டு. இன்று லண்டன் சர்வகலாசாலையின் அங்கமாக, மாலை வகுப்புகளுக்குப் பெயர்போன பர்க்பெக் கல்லூரியாக அது விளங்குவதும் உண்மையே. ஆயினும் தகரப் பட்டறைக்காரனுக்காகத் தொடங்கியது அவன் கையைவிட்டு நழுவியதும் உண்மையே.

இந்தக் குறையை உணர்ந்தவர்கள் 1854-இல் வேறொரு வழியை முயன்றார்கள். நித்திய நரகம் பற்றிச் சம்பிரதாயத்துக்கு மாறான அபிப்பிராயம் வெளியிட்டாரென்று முந்தின ஆண்டு கிங்ஸ் கல்லூரி விலக்கிவிட்ட பிரடெரிக் டெனிஸன் மாரிஸ் என்னும் பாதிரியார், தம் நண்பர்களோடு சேர்ந்து ரெட் லயன் சதுக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் 'தொழிலாளர் கல்லூரி'யைத் திறந்தார். பிரசங்கியார் மேடையில் நிற்க, கேட்போர் கீழே அமர்ந்துவிட்டுக் கலையும் முறை கூடாது, ஆசிரியரும் மாணவரும் ஒரே கழகத்தின் அங்கத்தினராய் ஒன்றாக இருந்து பழகவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆசிரியர்கள் ஊதியம் பெறவில்லை. எழுத்தறிவே இல்லாமல் வந்தவர்களுக்கென்று ஆரம்ப வகுப்பும் நாளடைவில் ஏற்பட்டது.

அங்கே வியாழக்கிழமை மாலைகளில் ஜான் ரஸ்கின் சித்திரம் கற்பித்தார். கவியும் ஓவியருமான ராஸெட்டியும் அவரோடு வந்து சேர்ந்தார். புதிதாக வந்தவன் கையில் ரஸ்கின் முதலில் கொடுத்த வேலை, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட வெள்ளைப் பந்தொன்றைப் பார்த்து வரைவது. பந்தின் விளிம்பைக் கோடாக இழுத்துவிட்டால் போதாது. வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே மெல்ல மெல்ல அடர்ந்து போகிறது என்று பார்த்துப் பார்த்துக் கரியால் தீற்றி உருண்டையை வரவழைக்க வேண்டும். தச்சனைச் சித்திரக்காரனாக்குவது தம் நோக்கமன்று, தச்சனாகவே அவன் இன்னும் சந்தோஷமாயிருக்கச் செய்வதுதான் என்று அவர் பின்பு விசாரணைக் குழுவொன்றின்முன் சொன்னார். அந்த வகுப்பில் இருந்த ஜார்ஜ் ஆலன் என்னும் தச்சர், ரஸ்கினுக்குச் சித்திரம் செதுக்குபவராகி, பிறகு அவர் நூல்களை வெளியிடும் பிரசுரகர்த்தருமானார். 1914-இல் 'ஆலன் அண்ட் அன்வின்' என்று பெயர் பெற்ற அந்த நிலையமே டாக்டர் ராதாகிருஷ்ணனின் 'இந்தியத் தத்துவம்' நூலையும் வெளியிட்டது.

ஆயினும் சமத்துவம் பேசிய அந்தக் கல்லூரியின் கதவு பெண்களுக்கு முழுமையாகத் திறக்க நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதுவரை காத்திராமல் எலிஸபெத் மாலெஸன் என்னும் அம்மையார் 1864-இல் குவீன் சதுக்கத்தில் உழைக்கும் பெண்களுக்கென்று தனிக் கல்லூரி கண்டார். ஆணையும் பெண்ணையும் சமமாக ஒரே வகுப்பில் அமர்த்திய காரியத்தை, லாம்பெத் பகுதியில் எம்மா கான்ஸ் என்பவர் நாடகக் கொட்டகை ஒன்றின் வழியாகச் செய்தார். குடிவெறிக்கும் கூச்சலுக்கும் பேர்போன அந்தக் கொட்டகையை அவர் 1880-இல் எடுத்து, மதுவுக்குப் பதில் காப்பி விற்று, பாட்டும் கூத்தும் இல்லாத இரவுகளில் ஒரு பென்னிக் கட்டணத்தில் விஞ்ஞானப் பிரசங்கங்கள் நடத்தினார். கேட்டவர்களிற் சிலர் இந்த விஷயங்களைத் தொடர்ந்து படிக்க வழியுண்டா என்று கேட்டார்கள். கிளாஸ்கோவில் கேட்ட அதே கேள்வி. வேடம் பூணும் அறைகளிலும் மேடைக்குப் பின்புறத்திலும் வகுப்புகள் கூடி, 1889-இல் மார்லி கல்லூரியாக வளர்ந்தன.

அந்தக் கல்லூரிக்கு 1907-இல் சங்கீத ஆசிரியராக வந்த கஸ்டவ் ஹோல்ஸ்ட், பகல் வேலை முடித்து வருகிறவர்கள்தானே என்று எளிய மெட்டுகளைக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. பர்ஸெல் என்னும் பதினேழாம் நூற்றாண்டு இசைமேதையின் 'பேரி குவீன்' என்ற கீதநாடகத்தின் மூலப்பிரதி இருநூறு ஆண்டுகள் காணாமற்போய்க் கிடைத்திருந்தது. அரங்கேற்றுவதற்கு ஒவ்வொரு பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் வேண்டிய தனித்தனிப் பிரதிகள் இல்லை. அவற்றை, ஏறத்தாழ 1,500 பக்கங்களை, அந்த மாணவர்களே மாலை மாலையாக அமர்ந்து கையால் பெயர்த்தெழுதினார்கள். அப்படி எழுதி, பயின்று, 1911-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர்கள் அதைப் பாடினபோது, தேசமே மறந்திருந்த ஓர் இசைச் செல்வத்தை அதற்கு மீட்டுக் கொடுத்தவர்களானார்கள். வாங்குகிறவன் கொடுக்கிறவனாக மாறினான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இந்த வரலாற்றில் இல்லை.

இதையே ஒரு முறையாக வகுத்துவைத்தவர் தச்சர் ஒருவரின் மகன், பதினான்கு வயதில் பள்ளியை விட்டுக் கூட்டுறவு மொத்த வியாபாரத்தில் குமாஸ்தாவாக இருந்த ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ். அவரும் அவர் மனைவியும் 1903-இல் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து இரண்டரை ஷில்லிங் எடுத்து வைத்து ஆரம்பித்த சங்கம், 'தொழிலாளர் கல்விச் சங்கம்' என்று நாடெங்கும் பரவியது. அதன் வகுப்புகளில் என்ன கற்பது என்று தீர்மானித்தவர்கள் மாணவர்கள். அதற்கு ஈடாக மூன்று ஆண்டுகள் விடாமல் வரவும், முறைப்படி கட்டுரை எழுதவும் அவர்கள் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1908-இல் அத்தகைய முதல் வகுப்புகளை எடுத்தவர் பிற்காலத்தில் பெயர்பெற்ற சரித்திர ஆசிரியரான டானி. நெசவாளரும் குயவரும் கூடியிருந்த அவ்வகுப்புகளில் தாம் கற்பித்ததைவிடக் கற்றது அதிகம் என்று அவர் கருதினார்.

செல்வர் கொடுக்கவே கூடாது என்ற ஹாட்ஜ்ஸ்கினின் வாதத்தை இந்த வரலாறு மெய்ப்பிக்கவில்லை. பர்க்பெக் கடன் கொடுக்காவிடில் மண்டபமில்லை, எம்மா கான்ஸ் அலைந்து பணம் திரட்டாவிடில் கொட்டகையில்லை. ஆனால் கொடுத்ததோடு நின்று, பாடத்தை மாணவனிடம் விட்ட இடத்தில் கல்வி தழைத்தது; கொடுத்தோம் என்ற உரிமையில் பாடத்தையும் தாமே வகுத்த இடத்தில், யாருக்காகக் கதவு திறந்ததோ அவனே முதலில் வெளியேறினான். எந்த மாநகரிலும் ஏழைகளுக்கென்று ஓர் இராப்பள்ளி தொடங்க நினைப்பவர், கட்டடத்துக்கு இடம் பார்ப்பதற்கு முன்பே, அங்கே வரப்போகிறவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று அவர்களிடமே விசாரிப்பது நல்லது.