மின்சாரம் வேண்டாத முலாம்

துப்பாக்கி கொலைக்கருவி, ஐயமில்லை. ஆயினும் அதன் உருக்கு மேனியிற் கொடியும் இலையும் வேட்டைக் காட்சியும் செதுக்கிய கைகள் கலைஞரின் கைகளே. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அமெரிக்காவில் இக்கலையிற் பெயர் பெற்றவர் லூயிஸ் டானியல் நிம்ஷ்கே. 1832இல் ஜெர்மனியிற் பிறந்து நியூயோர்க் நகரிற் குடியேறிய இவரிடம் ஓர் அரிய பழக்கம் இருந்தது. செதுக்கி முடித்த வேலையின்மீது மைதடவிக் காகிதத்தில் ஒற்றியெடுத்து, அப்படிகளை ஒரு புத்தகத்திற் சேர்த்து வைத்தார். 1904இல் அவர் மறைந்தார். அப்புத்தகம் 1965இல் அச்சேறியது. உருக்கில் வெட்டிய கோடு தேயலாம்; காகிதம் அதனைக் காத்துவைத்தது.

அக்கோடுகளை அழிக்கும் பகை எது? முதற்பகை துரு. கைவியர்வையும் கருமருந்தின் எச்சமும் உருக்கை அரித்துவிடும். இதற்கு மருந்தாக வந்தது நிக்கல் முலாம். மின்சாரத்தின் உதவியால் நிக்கலைப் படியவைக்கும் முறையை ஜெர்மானிய விஞ்ஞானி பொட்கர் 1843இல் வெளியிட்டார். பொஸ்டன் நகரத்து ஐசாக் அடம்ஸ் 1869இல் தமது திருந்திய முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1870ஆம் ஆண்டுகளில் நிக்கல் பூசிய கைத்துப்பாக்கிகள் அமெரிக்கச் சந்தைகளில் வெள்ளிபோல் மின்னின.

ஆனால் ஒரு குறை இருந்தது. மேட்டிற் பெய்த மழை பள்ளத்திற் சென்று தேங்கும். மின்சாரத்தின் இயல்போ இதற்கு நேர்மாறு. அது மேட்டையும் விளிம்பையுமே நாடும். ஆகவே செதுக்கு வேலையின் வரம்புகளில் நிக்கல் தடித்துப் படிந்தது. கோட்டின் ஆழத்தில் மெலிந்து நின்றது. பாதுகாப்பு மிகவும் வேண்டிய இடத்தில் அது குறைந்தது. கூர்மை வேண்டிய இடத்திலோ கோடு மழுங்கியது.

இக்குறைக்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அக்காலத்தில் வாஷிங்டனில் இருந்த தேசிய தர நிர்ணயப் பணிமனையில் ஏப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடெல் அம்மையாரும் குழாய்களின் உட்புறத்தில் நிக்கல் கலவையை மின்சாரத்தாற் படியவைக்க முயன்றனர். திராவகத்திலிருந்த சித்திரிக் அமில உப்பு மின்வாயிற் சிதைந்து வேலையைக் கெடுத்தது. அதைத் தடுக்கச் சில பொருள்களைச் சேர்த்துப் பார்த்தனர். அவற்றுள் ஒன்று சோடியம் ஐப்போபொசுபைற்று. அதைச் சேர்த்ததும் ஒரு விந்தை நிகழ்ந்தது. பாய்ந்த மின்சாரத்திற்குக் கணக்கிட்ட அளவினும் மிகுதியாக நிக்கல் படிந்தது. மின்சாரம் எட்டாத குழாயின் வெளிப்புறத்திலும் முலாம் ஏறியிருந்தது!

இவ்வுப்பு நிக்கலைப் பிரித்துவிடும் என்பதைப் பிரெஞ்சு இரசாயனி வூர்ட்ஸ் 1844இலேயே கண்டிருந்தார். ஆனால் அவர் பெற்றது நிக்கல் தூள். உறுதியான பயனுள்ள முலாமாக அதனை ஆக்கிய பெருமை பிரென்னருக்கும் ரிடெலுக்கும் உரியது. 1946இல் அவர்கள் தங்கள் கண்டுபிடிப்பை வெளியிட்டனர்.

இம்முறையின் இரகசியம் எளிது. உருக்கின் மேற்பரப்பே வினையைத் தூண்டுகிறது. பின்னர் படிந்த நிக்கலே மேலும் நிக்கலைப் படியச் செய்கிறது. ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஒரு மணித்தியாலத்திற்கு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரை முலாம் வளரும். திராவகம் தொடும் இடமெங்கும், மேடென்றும் பள்ளமென்றும் பாராது, ஒரே தடிப்பில் அது படியும். செதுக்கிய கோடு கோடாகவே நிற்கும்.

மின்கருவி வேண்டாமையால் இம்முறை வீட்டுப் பட்டறைகளிலும் நுழைந்தது. அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். நிக்கல் உப்பு நச்சுத்தன்மையுடையது. வினையின்போது எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயுவும் எழும். பாகுபாடில்லாத முலாம் திருகாணியின் மரையிலும் குழலின் உட்புறத்திலும் ஏறும்; மறைக்க வேண்டிய இடத்தை முன்னரே மறைக்காவிடில் உறுப்புகள் பொருந்தா. எல்லாவற்றினும் பெரிய ஆபத்து முலாமிடுவதற்கு முன்னரே நேர்கிறது. பளபளப்பை விரும்பித் தேய்சில்லில் உரசுபவர், நிம்ஷ்கே போன்றோர் பல நாட்கள் செதுக்கியதைச் சில நிமிடங்களில் அழித்துவிடுவார். எந்த முலாமும் அதனை மீட்டுத் தராது. பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்போர் புதுமுலாம் இட்டவற்றைக் குறைத்து மதிப்பதற்கும் இதுவே காரணம்.

மேடும் பள்ளமும் ஒன்றெனக் கருதுவது திராவகத்தின் குணம். எதைக் காக்க வேண்டும், எதைத் தொடாது விடவேண்டும் எனத் தெரிந்து நடப்பது மனிதனின் கடமை. துரு தின்ற கோட்டிற்காக வருந்துவோர் உண்டு. காக்கப் புகுந்த கையே அழித்த கோட்டிற்கு ஆறுதல் சொல்வார் எவருமில்லை.