பினேயின் அளவுகோல்

நுண்மதியை அளக்க முற்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் பலர் மண்டையோட்டையே அளந்தனர். பிரெஞ்சு உளவியலாளரான அல்பிரட் பினேயும் முதலில் பாடசாலைப் பிள்ளைகளின் தலைகளை அளந்து பார்த்தவரே. கெட்டிக்காரருக்கும் பின்தங்கியோருக்குமிடையே அவர் கண்ட வேறுபாடு மிக அற்பமாயிருந்தது, அம்முறையைக் கைவிட்டார். சான்றுக்குப் பணியும் இந்நேர்மை, அவரது அளவுகோலைக் கையேற்ற பலரிடம் இருக்கவில்லை.

சாதாரண வகுப்பிற் கற்க இடர்ப்படும் பிள்ளைகளை இனங்காணும் பொருட்டுப் பிரெஞ்சு அரசு 1904இல் ஒரு குழுவை அமைத்தது. அதனையொட்டிப் பினேயும் சீமோனும் 1905இல் முப்பது சோதனைகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். 1908இல் அது வயதுவாரியாகத் திருத்தப்பட்டது. உள வயது குறைந்த பிள்ளைக்குத் தனிப்பயிற்சி அளிக்கவேண்டும் என்பதே பினேயின் கருத்து. நுண்மதி பிறப்போடு அறுதியாகிவிடுவது என்ற கொள்கையை 1909இல் வெளிவந்த தமது நூலில் அவர் வன்மையாகக் கண்டித்தார்.

1911இல் பினே மறைந்தார். மறு ஆண்டு, ஜேர்மனியரான வில்லியம் ஸ்ரேர்ண் உள வயதைக் கால வயதால் வகுத்தார். 1916இல் அமெரிக்கரான லூயிஸ் டேர்மன் அந்த ஈவை நூறால் பெருக்கினார். உதவி வேண்டிய பிள்ளையைக் காட்டவந்த குறிப்பு, இவ்வாறு ஆளுக்கொரு நிலையான எண்ணாயிற்று. அவ்வெண் பரம்பரையின் விளைவு என்பதே டேர்மனின் நம்பிக்கை.

முதலாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ பதினேழரை இலட்சம் பேர் எழுத்துச் சோதனைக்கும், எழுத்தறியாதோர்க்கான படச் சோதனைக்கும் உட்படுத்தப்பட்டனர். ஒரு வினா, புகழ்பெற்ற பேஸ்போல் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றியது. ஒரு படத்தில் விடுபட்டிருந்தது டென்னிஸ் வலை. சிசிலித் தீவின் உழவன் இவற்றை எங்கே கண்டான்!

இத்தரவுகளை வைத்துக் கார்ல் பிறிகம் 1923இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் வாழ்ந்த காலம் நீள நீளக் குடியேறியோரின் புள்ளிகளும் உயர்ந்திருந்தன. மொழியும் வழக்கமும் பழகியதன் பயன் அது என்று கொள்வதே இயல்பு. பிறிகமோ, அண்மையில் வந்தோர் தாழ்ந்த இனத்தவர் என்று முடிவு கட்டினார். தென், கிழக்கு ஐரோப்பியரின் வரவைக் கடுமையாகக் குறைத்த குடிவரவுச் சட்டம் 1924இல் நிறைவேறியது. அதில் இச்சோதனைகளின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அக்காலத்து இனவாதத்துக்கு அவை விஞ்ஞானப் போர்வையாயின என்பதை மறுப்பது கடினம்.

1930இல் பிறிகம் தமது ஆய்வு ஆதாரமற்றது என்று தாமே வெளிப்படையாக எழுதினார். நாட்டுவாரி ஒதுக்கீடோ 1965 வரை நீடித்தது.