பாறையிலிருந்து கணினிக்கு

மதுரைக்கு வடக்கே மாங்குளம் மலையில், சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகளின் அருகே பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் பெயர் சொல்லும் தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டுகள் இருக்கின்றன. 1882-இல் ராபர்ட் சீவெல் அவற்றைக் கண்டறிந்தார். அந்த மொழி தமிழே என்று 1924-இல் கே.வி.சுப்பிரமணிய ஐயர் காட்டினார். இத்தகைய கல்வெட்டுகள் பற்றிய ஐராவதம் மகாதேவனின் பெருநூல் 2003-இல் வந்தது. படித்து முடித்தாயிற்று, ஆனால் அந்த எழுத்தைக் கணினியில் எப்படித் தட்டுவது?

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழி வடிவங்களை ஒளித்துவைப்பது ஒரு குறுக்குவழி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நெடுஞ்செழியன் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடுவான்.

2010-இல் யூனிகோட் தரத்தின் 6.0 பதிப்பு பிராமிக்குத் தனிக் குறியெண்கள் கொடுத்தது. வடக்கத்திப் பிராமியில் இல்லாத ழ, ற, ன மூன்றும் அதில் இடம்பெற்றன. அந்த அடித்தளத்தின்மேல் ஸ்ரீரமண சர்மா, வினோத் ராஜன், உதய சங்கர் மூவரும் உருவாக்கியதே 'ஆதிநாத' எழுத்துரு. அது சமணத்தின் முதல் தீர்த்தங்கரரின் பெயர்; சமணர் குகைகளில் வாழ்ந்த எழுத்துக்குப் பொருத்தம்தான்.

சிக்கல் புள்ளியில் இருந்தது. வடக்கத்திப் பிராமியில் மெய்யோடு மெய் சேர்ந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவார்கள். அகர ஒலியை நீக்கும் அதன் விராமக் குறியும் கணினியில் அந்த வேலைக்கே அமைந்தது. தமிழியில் மெய்கள் அடுக்காமல் வரிசையில் நிற்கும். பிற்காலத்தில் அவற்றுக்குப் புள்ளியும் வந்தது. மாங்குளத்தில் அந்தப் புள்ளியும் கிடையாது: உயிர்க்குறிக் கோடில்லாமல் நின்றால் 'க்', கோடிட்டால் 'க' அல்லது 'கா'. இடம்பார்த்துப் படிக்க வேண்டியதுதான்.

ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் இப்படி ஒரு முரண்டு உண்டு. பாரசீகத்தில் பிறந்து உருதுவுக்கு வந்த நஸ்தலீக், சொல்லுக்குச் சொல் சரிந்து இறங்கும். அதனால் பாகிஸ்தானின் மிர்சா அகமது ஜமீல் பல்லாயிரம் எழுத்துக் கூட்டுகளைக் கையால் எழுத வேண்டியிருந்தது. 1981-இல் நூரி நஸ்தலீக் பிறந்தது. அங்கே வடிவம் பாடாய்ப் படுத்தியது; தமிழியில் இலக்கணம்.

2021-இல் யூனிகோட் 14.0 தமிழியின் அந்தப் புள்ளிச் சிக்கலைத் தீர்த்தது. தமிழிக்கென்று ஆறு குறிகள் சேர்ந்தன: புள்ளி, குறில் எ, ஒ, அவற்றின் உயிர்க்குறிகள் இரண்டு, ள.

இனி மாங்குளத்தையும் அழகர்மலையையும் கீழடிப் பானையோட்டையும் பற்றி எழுதுவோர் தமிழியைப் படமாக ஒட்ட வேண்டியதில்லை. எழுத்தாகவே தட்டுங்கள், படத்துக்குள் கிடக்கும் கல்வெட்டு எந்தத் தேடலிலும் அகப்படாது.