கைத்தொழிலும் பெண் விடுதலையும்

தளவாய்புரம் என்றவுடன் நைட்டி தைக்கும் ஊர் என்று இன்று வெளியூரார் கூறுவர். தையல் பொறி நம் பெண்மக்கள் பலருக்குச் சோறு தருகிறது. அது மதிப்பையும் தருகிறதா என்று ஆராயப் புகும் இளைஞர்கள், தெற்கே நாஞ்சில் நாட்டில் நிகழ்ந்த பழைய வரலாறு ஒன்றை அறிதல் வேண்டும்.

1819ஆம் ஆண்டில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் நாகர்கோவிலுக்கு வந்தார். அவருடைய துணைவியார் மார்த்தா அம்மையார், பெண்களுக்கென விடுதிப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னலைக் கற்பித்தார். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு குச்சிகளை மாற்றி மாற்றிப் பின்னும் நுட்பமான வேலை அது. அந்நாளில் நாகர்கோவில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. அங்கே புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர். அடிமைமுறையை ஒழிக்கும் ஆணை 1855இல்தான் பிறந்தது. அதற்கு முன்னரே, அப்பள்ளியிற் பயின்ற அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசைச் சேர்த்து, உடையவனுக்கு விலை கொடுத்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டனர்! தன் உடலைத் தானே விலைக்கு வாங்க நேர்ந்த கொடுமையை என்னென்பது? அவர்கள் பின்னிய லேஸ் சீமாட்டியரின் ஆடையை அணிசெய்த அதே காலத்தில், அந்நாட்டு ஏழைப் பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்காக அடிபட்டனர் என்பதும் வரலாறு.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடியில் வாழ்ந்தபோது, இப்பின்னல் திருநெல்வேலிச் சீமையிலும் பரவியது. நம் ஊர்ப்பகுதியும் அப்போது அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே.

ஆயினும் கைத்தொழில் எல்லாவிடத்தும் விடுதலை தந்துவிடவில்லை. ஆந்திரத்தின் நரசாபுரத்தில் மிஷனரிகள் லேஸை முதலிற் கற்பித்தது நம்மைப் போன்ற மாலா, மாதிகா மக்களிலிருந்து கிறிஸ்தவரான ஏழைப் பெண்களுக்கே. பின்னர் அது பிற சாதிப் பெண்களின் வீடுகளுக்குள் புகுந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அங்கு ஆராய்ந்து 1982இல் நூல் வெளியிட்டார். நாளெல்லாம் பின்னியும் ஒரு ரூபாய்கூடக் கிட்டாத நிலையை அவர் கண்டார். வயற்கூலிப் பெண்ணுக்கு அரசு வகுத்த கூலியினும் அது மிகக் குறைவு. வீட்டுப்பெண்கள் ஓய்வுநேரத்திற் செய்வது என்று அவ்வேலைக்குப் பெயர் சூட்டப்பட்டது. ஏற்றுமதி இலாபமோ வணிகர் கைக்குப் போயிற்று. என் கருத்தில், ஊதியம் கூசாமற் குறைக்கப்பட்டதற்கு அந்தப் பெயரே போதுமான காரணம். தொழிலாளி என்று பெயர் இருந்தாலன்றோ கூலி கேட்க முடியும்?

இந்தப் பெயருக்காகவே அகமதாபாத்தில் எலா பட் அம்மையார் போராடினார். 1972இல் சுயதொழில் செய்யும் பெண்கள் சங்கமாகிய சேவாவைப் பதிவு செய்யச் சென்றபோது, முதலாளி இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் தயங்கினர். அம்மையார் விடாது வாதிட்டு வென்றார். கந்தல் துணியில் மெத்தைவிரிப்புத் தைத்த பெண்களும் அச்சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டனர். வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்வோரும் தொழிலாளரே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை இயற்றியது. இந்தியா அதனை இன்னும் ஏற்கவில்லை.